புல்லாங்குழல் வாசிப்பவர் மேலுதட்டில் போடாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

செம்பூர் குழல்

வயது 53. மும்பை செம்பூரில் இருபத்தாறு வருஷமாகப் புல்லாங்குழல் சொல்லிக் கொடுக்கிறேன். தொழிலை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

இந்த நவராத்திரிக்கு எங்கள் சொசைட்டியில் ஒரு மாமி வீட்டுக் கொலுவில் அரை மணி நேரம் வாசித்தேன். மாணவி ஒருத்தி முன்னால் உட்கார்ந்து போனில் எடுத்து, அன்று இரவே குரூப்பில் போட்டுவிட்டாள். ஆபேரி நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் என் கண் ராகத்தின் மேல் போகவே இல்லை. ஊதும்போது மேலுதட்டுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கோடு, புடவைக்குக் கொசுவம் வைத்த மாதிரி. ஊதும்போது மடிப்பு விழுவது இருக்கட்டும், குழலைக் கீழே வைத்த பிறகும் அந்தக் கோடுகள் அப்படியே நின்றன. அதுதான் உறைத்தது. லிப்ஸ்டிக் வேறு கோட்டுக்குக் கோடு மேலே ஏறி, செம்மண் இட்ட கோலம் தூறலில் கலைந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். அவருக்குக் கேட்டராக்ட் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது.

தை மாதம் மகனுக்குக் கல்யாணம். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன் (பெயர் வேண்டாம்). டாக்டரைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே கவுன்சலர் பெண் ஒரு தாளை நீட்டினாள். சுருக்கத்துக்குப் போடாக்ஸ் ஊசி, ஃபில்லர் ஒரு சிரிஞ்ச், லேசர் நாலு சிட்டிங், எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய். ஜிஎஸ்டி தனி. "இதைப் போட்ட பிறகு ஊத முடியுமா?" என்று கேட்டேன். "பலூனா மேடம்?" என்றாள். குழல் என்று சொன்னதும், எல்லாரும்தான் பண்ணிக்கொள்கிறார்கள், இரண்டே நாளில் நார்மல் என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை.

கோடு குறைய வேண்டும், ஆனால் என் ஊதல் கெடக்கூடாது. யாராவது போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? லேசர் நம் நிறத்துக்கு ஒத்துக்கொள்ளுமா? "பாட்டியாகப் போகிற வயதில் எதற்கு" என்று எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம், அதைச் சொல்ல என் நாத்தனார் இருக்கிறார்.

கட்டிங் சாய்

அக்கா, நான் போட்டுக்கொண்டவள். எனக்கு 46, அந்தேரியில் ஒரு ஆபீசில் டிரெய்னிங் எடுப்பது வேலை, நாள் முழுக்கப் பேச்சு. இரண்டு வருஷம் முன்னால் மேலுதட்டில் மொத்தமே நாலு யூனிட். ஊசி குத்தியது தெரியவே இல்லை. நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை, காசு போச்சு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் ஆரம்பித்தது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் ஒன்றும் தெரியவில்லை. நம் வீட்டில் டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற பழக்கம்தானே, காபி ஒழுங்காகத்தான் இறங்கியது. மறுநாள் ஆபீஸ் வாசலில் டீக்காரரிடம் கட்டிங் (அரை கிளாஸ் டீ) வாங்கி, கிளாஸில் வாய் வைத்துக் குடித்தால் வலது ஓரத்தில் வழிகிறது. குர்த்தாவெல்லாம் டீ. இளநீருக்கு ஸ்ட்ரா போட்டால் உறிஞ்ச வரவில்லை, காற்றுதான் வருகிறது. டிரெய்னிங் வகுப்பில் 'ப' சொல்லும்போதெல்லாம் உதடு முழுக்க ஒட்டாமல் 'ஃப' ஆகிவிடும். பம்பாய் ஃபம்பாய் ஆனது. முன் வரிசையில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

ஐந்தாறு வாரத்தில் மெல்லச் சரியானது, மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. கோடும் கூடவே திரும்பி வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் இருந்த நாட்களில் மேலுதடு இஸ்திரி போட்ட மாதிரிதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நெற்றியில் இப்போதும் போட்டுக்கொள்கிறேன். வாய்ப்பக்கம் மட்டும் வேண்டாம். எனக்கே இப்படியென்றால் உங்களுக்கு அதுதானே சோறு?

தோல் டாக்டர், சயான் பக்கம்

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது அம்மா. கவுன்சலரிடம் கேட்டதை டாக்டரிடம் கேட்டிருந்தால் அங்கேயே "வேண்டாம்" என்று சொல்லியிருப்பார், சொல்லியிருக்க வேண்டும்.

வாயைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு தசை இருக்கிறது. சுருக்குப் பைக்குக் கயிறு எப்படியோ அப்படி. நீங்கள் குழலில் காற்றைக் குவிப்பது அந்தக் கயிற்றை இழுத்துத்தான். போடாக்ஸ் சுருக்கத்தை நிரப்புவதில்லை, அந்தக் கயிற்றைத் தளர்த்துகிறது. கோடு போவதும் ஊதல் போவதும் ஒரே காரணத்தால்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் எடுக்க முடியாது. 2002இல் அமெரிக்காவில் அழகுக்காக இதற்கு அனுமதி கொடுத்ததே புருவத்துக்கு நடுவில் விழும் கோட்டுக்குத்தான். அங்கே 20 யூனிட் போடுவோம். உதட்டில் நாலைந்துக்கு மேல் போக பயப்படுவோம். ஊதுவாத்தியக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் நான் மேலுதட்டில் போடுவதே இல்லை. போட்ட பிறகு பிடிக்கவில்லை என்றால் மாற்று ஊசியும் கிடையாது, தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஃபில்லர் வேறு கதை. ஹையலூரானிக் ஆசிட் என்கிற ஜெல்லைக் கோட்டுக்கு அடியில் மெல்லியதாக வைப்பார்கள். தசையைத் தொடாது, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை நிற்கும். பிடிக்காவிட்டால் ஹையலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். ஆனால் உதட்டைச் சுற்றி ரத்தக்குழாய் நெருக்கம். ஜெல் தவறிக் குழாய்க்குள் போனால் அந்த இடம் வெளுக்கும், அல்லது வலை போட்ட மாதிரி ஊதா நிறமாகும், வலியும் இருக்கலாம். அப்போது மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடாது, உடனே கரைக்க வேண்டும். அபூர்வமாகக் கண் பார்வை போனவர்களும் உண்டு. அதனால் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "கரைக்கிற மருந்து இங்கே ஸ்டாக் இருக்கிறதா, குத்தப்போவது யார்" என்ற இரண்டையும் கேளுங்கள். மழுப்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். குத்துபவர் எம்டி தோல் படித்தவரா, மகாராஷ்டிரா மெடிக்கல் கவுன்சிலில் பதிவு உண்டா என்று பார்த்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

லேசர்: நம் பழுப்புத் தோலில் சூடு அதிகமானால் கோடு போன இடத்தில் கருமை உட்காரும், அது மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளைக்காரர்களுக்குச் செய்கிற முழு வேக கார்பன் டை ஆக்சைடு லேசரும் ஃபீனால் தடவித் தோலை உரிக்கிற பீலும் நமக்கு வேண்டாம். புள்ளி புள்ளியாகப் படுகிற ஃபிராக்ஷனல் லேசரைக் குறைந்த வேகத்தில் செய்யலாம், அல்லது நுண்ணிய ஊசிகளால் குத்துகிற மைக்ரோநீட்லிங், அதில் கருமை பயம் குறைவு. ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். உங்கள் தாளில் இருக்கிற நாலு சிட்டிங் தைக்குள் முடிவது சந்தேகம், கணக்கே உதைக்கிறது. உதட்டோரம் எப்போதாவது கொத்தாகக் கொப்புளம் வந்து காய்ந்த பழக்கம் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அது ஹெர்பிஸ், லேசரோ ஊசியோ கிளப்பிவிடும், முன்னாலேயே மாத்திரை கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு என்றால் நான் எழுதிக்கொடுப்பது ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், தோலில் பூசுகிற மருந்து. பட்டாணி அளவு, முகம் முழுவதற்கும் அவ்வளவுதான், ஒரு ராத்திரி விட்டு ஒரு ராத்திரி. முதல் சில வாரம் உரியும். பலன் தெரிய மூன்று மாதம், ஆறு மாதம்கூட ஆகும். தைக்குள் அதிசயம் நடக்காது, ஆனால் இப்போது ஆரம்பித்தால் அடுத்த நவராத்திரிக்கு வித்தியாசம் தெரியும். காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

ஒன்று கேட்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்துதான் கிளாஸ் எடுக்கிறீர்களா? கண்ணாடி மூடியிருந்தாலும் வெயிலின் யூவி-ஏ கதிர் உள்ளே வரும்.

தாராவி நாயனம்

தங்கச்சி, நான் நாகஸ்வரம். நாற்பத்தொரு வருஷமாகச் சீவாளி பிடித்த உதடு. என் மேலுதட்டில் உங்களைவிட இரண்டு மடங்கு கோடு இருக்கும், மேலே மீசை இருப்பதால் பிழைத்தேன். போன மாதம் மகள் சொல்லி ஒருநாள் மீசையை எடுத்துப் பார்த்தேன். பேரன் அழுதான். திரும்ப வளர்த்துவிட்டேன்.

அழகு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் செட்டில் ஒருத்தருக்கு மேலே முன்பல் இரண்டு போயிற்று. ஒரே வருஷத்தில் உதடு உள்ளே விழுந்து, வாயைச் சுற்றிக் கொட்டாங்கச்சி நார் மாதிரி கோடு வந்தது. வாசிப்பும் போயிற்று. பல் கட்டின பிறகுதான் முகம் திரும்பி வந்தது. கூடாரத்தை நிமிர்த்தாமல் துணிக்கு மட்டும் இஸ்திரி போட்டு என்ன பண்ண? பல் எல்லாம் இருக்கிறதா பாருங்கள்.

பீடி, வெற்றிலை உங்களுக்கு இருக்காது. எனக்கு இரண்டும் இருந்தது, ஒன்று விட்டுவிட்டேன்.

தோல் டாக்டர், சயான் பக்கம்

நாயனக்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு. பல் போன இடத்தில் எலும்பும் கரையும், உதட்டுக்கு முட்டுக் கிடையாது. நான் எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டது. மீசைக்கும் பங்கு உண்டு: ஆண்களுக்கு அந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம், தோல் தடிமன். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருஷத்தில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைகிறது என்பது கணக்கு. குழலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

செம்பூர் குழல்

படித்துவிட்டு முதல் வேலையாகக் கண்ணாடி முன்னால் போய் வாயைத் திறந்து பார்த்தேன். மேலே இடது பக்கம் கோரைப்பல்லை ஒட்டி ஒரு பல் இல்லை. எடுத்து ஐந்து வருஷம் ஆகிறது. "சிரித்தால் தெரியாது" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கோடும் இடது பக்கம்தான் ஆழம். குழலைச் சாய்த்துப் பிடிப்பதால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பல் டாக்டர்.

ஜன்னல் விஷயம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் டாக்டர்? கிழக்குப் பார்த்த ஜன்னல், காலை ஆறரை முதல் எட்டரை வரை அங்கேதான் உட்காருவேன். வெயில் ஏறும்போதுதான் எழுந்திருப்பேன். இத்தனை வருஷமும் முகத்துக்கு நேராக.

கட்டிங் சாய், உங்கள் டீ கதையை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஃபம்பாய் ஃபம்பாய் என்று இரண்டு நாளாக என்னைக் கேலி பண்ணுகிறார். அண்ணா, மீசை எடுத்த போட்டோ இருந்தால் போடுங்கள்.

செம்பூர் குழல்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சயான் ஆஸ்பத்திரித் தோல் ஓபிடியில் வரிசையில் நின்று காட்டினேன். காலை போய் மத்தியானம் ஆகிவிட்டது, ஆனால் யாரும் தாள் நீட்டவில்லை. ட்ரெட்டினாயின் எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் சொன்னபடியே இரண்டாம் வாரம் தோல் உரிந்தது. மிருதங்கக்காரர், "என்ன டீச்சர், உதட்டுல ரவை ஒட்டிண்டிருக்கு" என்றார். பல்லுக்கு அளவெடுத்தாகிவிட்டது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன், மாணவர்களுக்குத்தான் இப்போது கண் கூசுகிறது. அவர்களுக்கும் திரை போட வேண்டும்.

கோடு? போகவில்லை. லிப்ஸ்டிக்கை மட்டும் மாற்றினேன். பளபளப்பு இல்லாத மேட், அதற்கு முன்னால் உதட்டு ஓரத்தில் பென்சில் லைனர். ஏறுவது முக்கால்வாசி நின்றுவிட்டது. 180 ரூபாய்.

ஒரு சந்தேகம் டாக்டர். கீழுதட்டுக்கு அடியில் மூங்கில் உட்காரும் இடத்தில் மட்டும் எரிகிறது, பத்து நிமிஷம் வாசித்தால் சிவந்துவிடுகிறது. மருந்தை நிறுத்தணுமா, குழலைத் துடைக்கிற எண்ணெயை மாற்றணுமா?

தோல் டாக்டர், சயான் பக்கம்

மருந்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், எண்ணெயையும் மாற்ற வேண்டாம். அந்த இடத்தில் மருந்தே படக்கூடாது, உதட்டின் இரு ஓரங்களிலும்கூட. பூசுவதற்கு முன்னால் அங்கே கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள், மருந்து பரவாது. ஒரு வாரம் மருந்தை விட்டு, எரிச்சல் அடங்கிய பிறகு மூன்று ராத்திரிக்கு ஒருமுறை என்று ஆரம்பியுங்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அடியோடு நிறுத்திவிடுங்கள், உரிகிற தோலில் மேக்கப் திட்டுத் திட்டாக நிற்கும்.

செம்பூர் குழல்

சரி டாக்டர். வாசலில் பெல் அடிக்கிறது, ஆறரை பேட்ச் வந்துவிட்டது.