நெஞ்செரிவு: திருகோணமலையில் பைலோரி கிருமிப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

அண்ணாவுக்காகக் கேட்கிறேன். நாற்பது தாண்டியவர், துறைமுகப் பக்கம் இரவு வேலை. சித்திரை வருசத்துக்குப் பிறகு நெஞ்செரிவு, புளிச்ச ஏப்பம், விடியப்புறம் மேல்வயிற்றில் எரிவு. வாந்தி, கறுப்பு மலம், மெலிவு இல்லை. ஈசிஜியும் எடுத்தாச்சு, இதயத்தில் பிழை இல்லையாம்.

ஒமிப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கிற மருந்து) 20 மில்லிகிராம் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் போடுறார். போடும்வரை சுகம், நிறுத்தினால் திரும்ப வருது. கொத்துரொட்டி, கட்டசம்பல் விட்டாச்சு. பிளேன்டீயும் குறைச்சாச்சு (வீட்டில் பெரிய சண்டையே அதுக்குத்தான்). முந்தி வேலை முடிஞ்சு வந்து சோறு தின்ற கையோடு படுப்பார், இப்ப இரண்டு மூன்று மணித்தியாலம் பொறுத்துத்தான் சாய்கிறார். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கல்லும் வைச்சிருக்கு. சீரகத் தண்ணி, வெந்தயம் சொல்லாதீங்க, அதெல்லாம் குடிச்சு முடிஞ்சுது.

இப்ப வைத்தியர் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமி இருக்கா என்று மலத்திலோ மூச்சிலோ பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதுக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே ஒமிப்ரசோலை நிறுத்த வேணும். அந்த எரிவோட பரிசோதனைக்கென்று கண்டிக்கு பஸ் ஏற அவரால ஏலாது, லீவும் கிடையாது. நான் விசாரிச்ச இடங்களில் இல்லை என்றுதான் சொன்னாங்க.

திருகோணமலை டவுனிலோ உவர்மலை, நிலாவெளிப் பக்கமோ இந்தப் பரிசோதனை செய்யிற ஆய்வுகூடம் எது?