முல்லைத்தீவுப் பாரில கிடக்கிற மரக்கலம்: புதுப்பிப்பு

போனமுறை கேட்டிருந்தனான், முல்லைத்தீவுக் கடலில பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு, மேல கிடக்கிறது பாய்க்கப்பலோ மீன்பிடி வள்ளமோ எண்டு. கனபேர் வள்ளம் எண்டீங்கள்.

சோளகத்தில, தென்மேல் காத்துக் காலத்தில, கடல் தெளிஞ்சு கிடக்க, தொழிலுக்குப் போற அண்ணை ஒராளோட போய் இறங்கிப் பாத்தன். வள்ளமில்லை, பாயில ஓடின சரக்குத் தோணிதான். ஏராவும் (அடியில நீளத்துக்கு ஓடுற மரம்) அடி வங்குகளும் (விலா மரங்கள்) மட்டும் மிச்சம். வெளியில நீட்டிக்கொண்டிருக்கிற மரம் முழுக்கக் கப்பல்புழு துளைச்சது, நுள்ளினாப் பிட்டு மாதிரி உதிருது. மணல் மூடின பக்கம் புழு தொடேல்லை, பச்சை பிடிச்ச செப்பாணி கூட அப்பிடியே இருக்கு. நடுவில உருண்டைக் கருங்கல் குவியல். வெறுங்கப்பல் சரியாமல் இருக்கத்தான் அவ்வளவு கல்லு. மீன்பிடி வள்ளத்துக்கு என்னத்துக்கு?

வாடைக்காத்து கரைப்பக்கம் தள்ளேக்கை பாய்க்கப்பல் திரும்பி வெளிக்கடலுக்கு ஏறுறது லேசில்லை. அப்பிடித்தான் பாரில ஏறியிருக்கும் எண்டு நினைக்கிறன்.

‘அன்னபூரணியோ?’ எண்டு கேட்டவருக்கு: இல்லை. வல்வெட்டித்துறையில கட்டின அந்தக் கப்பல் 1938 இல அமெரிக்காவின்ர குளொஸ்டருக்கே போய்ச் சேந்திட்டுது.

காலியில இருக்கிற கடல்சார் தொல்லியல் பிரிவுக்குப் படங்களோட எழுதிப்போட்டன். செப்பாணி கழட்டலாமோ எண்டு உள்பெட்டியில கேட்ட தம்பி, தயவுசெய்து கை வைக்காதையும்.