பழைய ஸ்ப்ளெண்டருக்கு ஒளிச்சு வைக்கிற சுவிட்ச்: எந்த ஒயர்ல போடுறது?

மல்லிகைக்கடை:
என்னோடது 2009 ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். ராத்திரி ரெண்டரை மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் நிறுத்திட்டுப் போனா, பூ எடுத்துட்டுத் திரும்ப அஞ்சாயிடும். போன வாரம் வந்து பாத்தா ஹேண்டில் லாக் உடைஞ்சு, வண்டி பத்தடி தள்ளி நிக்குது. டீக்கடை அக்கா சத்தம் போட்டதும் ஓடிட்டானாம். லாக் செட் மாத்தியாச்சு. இப்ப உள்ளுக்குள்ள ஒரு சுவிட்ச் போடணும். தெருமுனை மெக்கானிக் பேட்டரி ஒயரை வெட்டி நடுவுல சுவிட்ச் குடுத்துடலாம்ங்கிறார், 300 ரூபா. சரிவருமா?

பெட்ரோல்குடிச்சான்:
பத்து பைசா செலவில்லாம பெட்ரோல் டேப்பை மூடிட்டுப் போங்கண்ணே.

மல்லிகைக்கடை:
மூடிட்டுத்தான் போறேன் தம்பி. கார்புரேட்டர்ல மிச்சம் கிடக்கிறதே ஒரு கிலோமீட்டர் ஓடிடும். அதுக்குள்ள அவன் ஒத்தக்கடை ரோட்டுல ஏறிட மாட்டானா?

ரிலே அண்ணாச்சி:
தம்பி, அந்த 300 ரூபாயைப் பையில வச்சுக்கோ. பேட்டரியைக் கழட்டி வீட்டுல வச்சாலும் உன் வண்டி கிக்கர்ல ஸ்டார்ட் ஆகும். அந்த மாடல்ல ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட் மேக்னெட்டோவுல இருந்து, அதாவது இஞ்சின் சுத்தும்போது கரண்ட் குடுக்கிற பாகத்துல இருந்து, நேரா சிடிஐக்கு, அதாவது ஸ்பார்க்கைக் கிளப்புற சின்னப் பெட்டிக்குப் போகுது. பேட்டரி எல்லாம் ஹாரன், இண்டிகேட்டருக்குத்தான். சாவியை ஆஃப் பண்ணினா சிடிஐல இருந்து வர்ற ஒரு ஒயர் பாடியோட எர்த் ஆகி ஸ்பார்க் செத்துப்போகும். அவ்வளவுதான் பூட்டு. சாவி சுவிட்ச் கப்ளரை, அதாவது அதோட ஒயரெல்லாம் சேர்ற பிளாஸ்டிக் சொருகியை, உருவினா அந்த எர்த்தும் போச்சு. திருடன் உதைச்சே ஸ்டார்ட் பண்ணிடுவான்.

அதனால எதையும் வெட்டாதே. கறுப்புல வெள்ளைக் கோடு போட்ட ஒயரைத் தேடு. மல்டிமீட்டர்ல பாத்தா, சாவி ஆஃப்ல இருக்கும்போது பாடிக்கு பீப் அடிக்கணும், ஆன் பண்ணினா நிக்கணும். சிடிஐக்குப் பக்கத்துலயே அதுல ஒரு கிளை எடுத்து, சுவிட்ச் வழியா பச்சை ஒயர்ல, அதாவது எர்த்துல, சேர்த்துடு. சுவிட்ச் ஆன்னா வண்டி ஊமை. தலைகீழாத்தான் இருக்கும், பழகிக்கோ. இதுல ஒரு நல்லது, ஓட்டிட்டுப் போகும்போது கிளை ஒயர் அறுந்தாலும் இஞ்சின் நிக்காது. பின்னாடி லாரி வர்றப்ப அது முக்கியம்.

மழைக்குத்தான் பயப்படணும். சுவிட்சுக்குள்ள ஈரம் இறங்கினா அதுவே எர்த் ஆகி மிஸ் அடிக்கும். ரப்பர் தொப்பி போட்டதா வாங்கு. ஜாயிண்டை ஈயம் வச்சு பத்தவச்சு, சூடு காட்டினா சுருங்கி இறுகுற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடு. கறுப்பு டேப் சுத்தினா சித்திரை வெயில்ல பிசுபிசுன்னு உரிஞ்சு கையோட வந்துடும்.

கோவை பிஎஸ்6:
என்னோடது 2021 ஸ்ப்ளெண்டர், எஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாம பெட்ரோலைப் பீய்ச்சுற மாடல். இதே முறைதானா அண்ணாச்சி?

ரிலே அண்ணாச்சி:
ஐயோ, இல்ல. அதுல பெட்ரோல் பம்ப்புக்குப் போற 12 வோல்ட் ஒயர்ல ரிலே, அதாவது கரண்ட்ல வேலை செய்ற சுவிட்ச், போட்டு நிறுத்துறதுதான் வழக்கம். ஈசியூ, அதாவது இஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர், அதோட சப்ளைல கை வைக்கக் கூடாது. வாரண்டி பாக்கி இருந்தா எதையும் தொடாம நல்ல சங்கிலிப் பூட்டா வாங்கு.

சங்கிலிக்கட்சி:
சுவிட்ச் போட்டாலும் நாலு பேர் குட்டியானையில தூக்கிப் போட்டுட்டுப் போனா? கம்பத்தோட சேர்த்துக் கட்டுங்க. இன்சூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டின்னா திருட்டுக்கு ஒரு ரூபாயும் வராது, அதையும் பாத்துக்கோங்க.

மல்லிகைக்கடை:
தேர்ட் பார்ட்டியேதான். சங்கிலியும் வாங்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து போட்டாச்சு. சுவிட்ச் 60 ரூபா, ஒயரும் குழாயும் 40. கப்ளரை உருவி இருபது உதை உதைச்சேன், இருமக்கூட இல்ல. சுவிட்சைத் தட்டினதும் முதல் உதைக்கே பிடிச்சுது. ஆனா திங்கக்கிழமை மச்சான் வண்டி கேட்டார், சாவியைக் குடுத்தேன், சொல்ல மறந்துட்டேன். மனுசன் கே.கே.நகர் வரைக்கும் தள்ளிட்டுப் போய் பிளக் மாத்தியிருக்கார். அப்பவும் ஸ்டார்ட் ஆகலைன்னதும் மெக்கானிக் காயிலும் போச்சுன்னு சொல்லிட்டாராம். நல்லவேளை அதுக்குள்ள போன் பண்ணினார்.

ரிலே அண்ணாச்சி:
அந்த பிளக்கைத் தூக்கிப் போடாதே, வேலைக்கு ஆகும். இனி சர்வீஸ்க்கு விடும்போது சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு விடு. இடத்தை மெக்கானிக்குக்கும் காட்டாதே.