ஜாவாஸ்கிரிப்ட்: ஆப்ஜெக்ட் அர்ரேயை விலைப்படியும் தமிழ்ப் பெயர்ப்படியும் வரிசைப்படுத்துவது எப்படி?

கேள்வி:
மளிகைச் செயலி ஒன்றுக்கு ஏபிஐயிலிருந்து (செயலிக்குத் தரவு தரும் இணைப்பு) 300 ஆப்ஜெக்ட்கள் உள்ள அர்ரே (பட்டியல்) வருகிறது. ஒவ்வொன்றிலும் பெயர், வகை, விலை இருக்கும். விலை "90", "1,200" என்று ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத்தொடராக, வருகிறது. சிலவற்றில் காலி ஸ்ட்ரிங்.

சார்ட்((அ, ஆ) => அ.விலை > ஆ.விலை)

இப்படி எழுதினால் வரிசை அசையவே இல்லை. கழித்தலாக மாற்றினால் பாதி சரி, மீதி கலைந்து கிடக்கிறது. பெயர்ப்படி அடுக்கினால் பனங்கற்கண்டு பயறுக்கு முன்னால் வந்து நிற்கிறது. எங்கே தவறு?

பதில் 1:
ஒப்பிடும் ஃபங்ஷன் மூன்று விடை தர வேண்டும்: அ முன்னால் வர வேண்டுமென்றால் குறை எண், பின்னால் என்றால் மிகை எண், சமம் என்றால் 0. உங்களுடையது ட்ரூ, ஃபால்ஸ் தருகிறது. அவை 1, 0 ஆகிவிடும். குறை எண் வரவே வராது. குரோம் 69 வரை 10 உறுப்புக்கு மிகாத அர்ரேயில் இப்படி எழுதினாலும் தற்செயலாகச் சரியாக வந்தது. 2018இல் குரோம் 70 டிம்சார்ட் என்ற வேறு வரிசைப்படுத்தும் முறைக்கு மாறியதும் அது நின்றுபோனது. பழைய பாடங்களில் இன்னும் இந்த வடிவம் இருக்கிறது, நம்பாதீர்கள்.

கழித்தல் பாதி வேலை செய்ததற்குக் காரணம் காற்புள்ளி. "120" - "90" என்பதை ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக்கி 30 தரும். "1,200" - "90" தருவது நேன், அதாவது எண்ணல்லாத மதிப்பு. சார்ட் அதைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது 1,200 என்பது 90க்கும் சமம், 500க்கும் சமம். ஆனால் 90, 500ஐ விடச் சிறியது. இந்த முரண்பாடு இருந்தால் எந்த வரிசை வரும் என்று யாரும் சொல்ல முடியாது. காலி ஸ்ட்ரிங்கோ 0 ஆகி, விலையில்லாத பொருளை எல்லாவற்றிலும் மலிவாக்கிவிடும்.

ஆகவே ஒப்பிடும் இடத்தில் எதையும் திருத்தாதீர்கள். முதலில் மேப் (ஒவ்வோர் உறுப்பையும் மாற்றிப் புது அர்ரே தருவது) ஓட்டி, காற்புள்ளிகளை நீக்கி எண்ணாக்கி, விலைஎண் என்று தனியாக வையுங்கள். விலை இல்லாததற்கு இன்ஃபினிட்டி (முடிவிலி) கொடுத்தால் அது கடைசியில் நிற்கும். பிறகு:

(அ, ஆ) => அ.விலைஎண் - ஆ.விலைஎண்

பதில் 2:
பெயர் விஷயம் வேறு. ஒப்பிடும் ஃபங்ஷன் தராவிட்டாலும், < > குறிகளால் ஒப்பிட்டாலும் யூனிகோட் எண்படிதான் அடுக்கும். யூனிகோடில் ன உட்கார்ந்திருப்பது ந, ப இரண்டுக்கும் நடுவில். ற இருப்பது ர, ல நடுவில். நம் அகராதி வரிசையில் அவை கடைசி இரண்டு எழுத்துகள். அதனால்தான் பட்டாணி, பனங்கற்கண்டு, பயறு, பருப்பு என்று வந்தது. பனங்கற்கண்டு கடைசியில் அல்லவா வர வேண்டும்!

இன்டில் கொலேட்டரை (அந்தந்த மொழியின் வரிசைப்படி ஒப்பிடும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) தமிழுக்குரிய "ta" என்ற ஈரெழுத்து மொழிக்குறியீட்டோடு ஒரே ஒருமுறை, சார்ட்டுக்கு வெளியே உருவாக்கி, அதன் கம்பேரைப் பயன்படுத்துங்கள். ஸ்ட்ரிங்கின் லோக்கேல்கம்பேரும் இதையே செய்யும். ஆனால் பெரிய அர்ரேயில் கொலேட்டர்தான் வேகம். நியூமெரிக் விருப்பத்தை ட்ரூ ஆக்கினால் "அரிசி 5 கிலோ" என்பது "அரிசி 10 கிலோ"வுக்கு முன்னால் வரும்.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. வகைப்படி அடுக்கி, ஒரே வகைக்குள் விலை அதிகமானது முதலில் வர வேண்டுமென்றால்? ஆ, அ இடம் மாற்றியதும் விலையில்லாதவை மேலே ஏறிவிட்டன. இன்னொன்று, ரியாக்டில் (திரையை அமைக்கும் லைப்ரரி) சார்ட் செய்தும் திரை மாறவில்லை.

பதில் 1:
இறங்குவரிசைக்கு விலையில்லாதவற்றின் மதிப்பை மைனஸ் இன்ஃபினிட்டி ஆக்குங்கள். இரண்டு நிலைக்கு:

(அ, ஆ) => ஒப்பிடு(அ.வகை, ஆ.வகை) || ஆ.விலைஎண் - அ.விலைஎண்

ஒப்பிடு என்பது மேலே சொன்ன கொலேட்டரின் கம்பேர். வகை சமமானால் 0 வரும், உடனே || வலப்பக்கம் போகும். அந்த இடத்தில் ?? போட்டால் 0லேயே நின்றுவிடும், விலையைப் பார்க்காது.

பதில் 3:
திரை மாறாததற்குக் காரணம், சார்ட் அதே அர்ரேயைத்தான் கலைத்து அடுக்குகிறது. திருப்பித் தருவதும் அதையே. ரெஃபரன்ஸ் (எந்த அர்ரே என்று காட்டும் சுட்டு) மாறாததால் ஸ்டேட் (திரைக்கு அடிப்படையான தரவு) மாறவில்லை என்று ரியாக்ட் விட்டுவிடும். [...பொருட்கள்] என்று நகலெடுத்து அதன்மேல் சார்ட் ஓட்டுங்கள். அல்லது 2023 தரத்தில் வந்த டூசார்ட்டட் போதும்: குரோம் 110, ஃபயர்ஃபாக்ஸ் 115, நோட்.ஜேஎஸ் 20 முதல் உண்டு. பழைய ஃபோன்களுக்கும் ஓட வேண்டுமென்றால் நகல் வழியே போங்கள்.