கெய்ரோவுல வாங்குன கண் தாயத்து, வண்டு: வீட்டுல வைக்கலாமா?

கீழக்கரை_பிள்ளை:
மச்சான் கெய்ரோ போயிட்டு வரும்போது பச்சநீலக் கலர்ல கண்ணு மாதிரி ஒரு தாயத்தும் ஒரு வண்டும் வாங்கிட்டு வந்தாரு, வண்டுக்கு அடியில என்னவோ எழுத்து இருக்கு. துபாய் கடையில தொங்குற வட்ட நீலக் கண்ணாடியும் இந்தக் கண்ணும் ஒண்ணா? இதுல புருவம் இருக்கு, கீழ ஒரு கோடு இறங்கி, பக்கத்துல இன்னொண்ணு சுருண்டு போகுது. மய்யித்தோட வைக்கிற சாமான்னு உம்மா உள்ள விடமாட்டேங்குறாங்க. தெரிஞ்ச காக்காமார் சொல்லுங்க.

தொண்டிக்காரன்:
ரெண்டும் வேற தம்பி. வட்டக் கண்ணாடி துருக்கிப் பக்கம் திருஷ்டிக்குத் தொங்க விடுறது. உங்ககிட்ட இருக்கது வல்லூறு முகச் சாமி ஹோரஸோட கண்ணு. அவரோட எதிரி சேத்துங்கிற சாமி கூட நடந்த சண்டையில அந்தக் கண்ணு போயிருச்சு, தோத்துங்கிற சாமிதான் அதைக் குணமாக்கிக் குடுத்தாரு, அதான் நோய் நொடி அண்டாம இருக்க உயிரோட இருந்தவங்களே இதைப் போட்டுக்கிட்டாங்க. உம்மா சொல்றதும் தப்பில்ல, மம்மி செய்யும்போது உள்ளுறுப்பு எடுக்க வயித்துல கீறுன இடத்தை இதே கண்ணு போட்ட தகடு வச்சு மூடுனாங்க. அந்தக் கலருக்கும் அர்த்தம் இருக்கு, குவார்ட்ஸ் பொடியோட சுண்ணாம்பு, சோடா உப்பு, செம்பு சேர்த்துச் சுட்டா வர்ற பச்சநீலம், பயிர் முளைக்கிற நிறம்னு அவ்வளவு மதிப்பு.

மண்டபம்_அக்கா:
வண்டு சாணி உருட்டுற வண்டு தம்பி. அது உருண்டையத் தள்ளுறதைப் பாத்துத்தான் காலையில சூரியனைத் தள்ளிக் கொண்டாற கெப்ரி சாமிய அந்த வடிவத்துல வச்சாங்க. சின்னது அடியில பேரு வெட்டி முத்திரையாவும் பயன்பட்டுச்சு. பெரிசா பச்சக் கல்லுல செஞ்சத மம்மியோட நெஞ்சுல வைப்பாங்க, செத்தவங்களை விசாரிக்கிற சாமி ஒசிரிஸ் முன்னாடி இதயத்தை, சத்தியத்துக்கான பெண் சாமி மாத்தோட இறகுக்கு எதிரா தராசுல வைக்கும்போது "என் இதயமே, எனக்கு எதிரா சாட்சி சொல்லாத"ன்னு அதுல எழுதிருக்கும். எனக்கு எகிப்து சாமான்லயே ரொம்பப் புடிச்சது இதான், செத்தப்புறமும் மனசாட்சிக்குப் பயந்திருக்காங்க பாருங்க.

பாம்பன்_காத்து:
கடல்கரையில இருக்கவங்க தெரிஞ்சுக்க வேண்டியது மீன் தாயத்து. பழைய எகிப்துல புள்ளைக தண்ணியில மூழ்கிரக்கூடாதுன்னு சடை நுனியில கெளுத்தி மாதிரி சின்ன மீனு கட்டி விடுவாங்க. அந்த ஊரு ராஜா ஸ்னெஃப்ருவோட படகுல துடுப்பு போட்ட பொண்ணு ஒருத்தி அந்த மீனைத் தண்ணியில விட்டுட்டா, வேற ஒண்ணு தர்றேன்னு ராஜா சொல்லியும் எனக்கு அதேதான் வேணும்னு நின்னுட்டா, மந்திரவாதி ஒருத்தரு ஏரித் தண்ணியில பாதியத் தூக்கி மறுபாதி மேல வச்சு எடுத்துக் குடுத்தாருன்னு பழைய கதை இருக்கு.

கீழக்கரை_பிள்ளை:
அருமை. வண்டு அசல் பழசா இருக்குமோ? சுங்கத்துல பிரச்சனை வருமா?

தொண்டிக்காரன்:
எகிப்துல 1983லயே பழம்பொருள் விக்கிறதுக்குத் தடை போட்டாச்சு தம்பி. கடைத்தெருவுல பகிரங்கமா விக்கிறது புதுசா சுட்டதாத்தான் இருக்கும், உம்மாகிட்ட அதைச் சொல்லுங்க. ரசீது இருந்தா பத்திரமா வச்சுக்கங்க.