பெயிண்ட் அடித்து ஆறு நாள் ஆகியும் ஒட்டுகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி சொல்லுங்கள்

மேக்காமண்டபம்காரி | செவ்வாய், இரவு 9.40
எல்லாருக்கும் வணக்கம். பழைய அலமாரிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தேன். ஆறு நாள் ஆகிறது, காயவே இல்லை. விரல் வைத்தால் ரேகை பதிகிறது. காய்ந்துவிட்டது என்று நினைத்து மேல்தட்டில் தினத்தாள் விரித்துவிட்டேன். பிய்த்து எடுத்தால் தாள் வந்துவிட்டது, எழுத்து மட்டும் இடம் வலம் மாறி பெயிண்டிலேயே நிற்கிறது. கண்ணாடியைக் காட்டினால் அன்றைய தங்க விலையை வாசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளுக்குக் காதுகுத்து, வீடு நிறைய ஆள் வரும். என்ன செய்ய?

குளச்சல் காற்று | 9.52
என்ன பெயிண்ட்? எதில் கலக்கினீர்கள்? எத்தனை கோட்? பிரைமர் உண்டா?

பார்வதிபுரம் | 9.55
அலமாரி மரமா இரும்பா? அதைச் சொல்லவே இல்லையே.

குழித்துறை ஆற்றங்கரை | 10.04
எதுவாக இருந்தாலும் காரணம் ஈரம்தான். ஆடி மாதம் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? நம் குமரி மாவட்டத்தில் மழை வருடத்துக்கு இரண்டு தடவை. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. டப்பாவில் "எட்டு மணி நேரத்தில் காயும்" என்று எழுதியவன் நம் ஊரில் துணி காயப் போட்டுப் பார்த்தவன் இல்லை. ஃபேன் போட்டு விடுங்கள், காயும்.

உப்புத்தாள் 120 | 10.20
மாதத்துக்கு ஒருவராவது "பெயிண்ட் காயவில்லை, அவசரம்" என்று வந்துவிடுகிறார்கள். இதே கேள்விக்கு நானே நாலு தடவை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடி வாசிக்க ஆளில்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மருந்து கேட்டால் டாக்டர் என்ன செய்வார்? விவரத்தோடு வாருங்கள்.

திங்கள்சந்தை | 10.31
நான் அடித்துச் சொல்கிறேன், டர்பன்டைனில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது. சில்லறையாகப் பாட்டிலில் ஊற்றி வாங்கினால் இப்படித்தான். கொஞ்சம் தாளில் ஊற்றிப் பாருங்கள். நல்லதென்றால் பறந்துவிடும், மண்ணெண்ணெய் என்றால் எண்ணெய்க் கறை நிற்கும்.

மேக்காமண்டபம்காரி | புதன், காலை 6.15
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போனது. மரம்தான். பாட்டா காலத்து அயினி அலமாரி, நாலடி உயரம். எனாமல் பெயிண்ட், டர்பன்டைனில் கலக்கி இரண்டு கோட். பிரைமர் அடிக்கவில்லை, பழைய மரத்துக்கு வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். புதிதாக வாங்க வசதியில்லை என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன், இதுவரை 850 ரூபாய் ஆகிவிட்டது. தாளில் டர்பன்டைன் ஊற்றிப் பார்த்தேன், கறை இல்லை.

உப்புத்தாள் 120 | 7.02
அயினிக்கு வெள்ளை பெயிண்டா! இப்போது புரிகிறது. அறுத்தவுடன் மஞ்சளாக இருந்து, வருடம் போகப் போகத் தவிட்டு நிறத்துக்கு வரும் மரம் அது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பூமுகத்து (முகப்பு மண்டபத்து) உட்கூரையில் 90 பூ செதுக்கியிருப்பதைப் பாருங்கள். எவனாவது வெள்ளை அடித்தானா?

பார்வதிபுரம் | 7.30
அதே அரண்மனையின் தரையையும் பாருங்கள் அண்ணே. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று வழிகாட்டி ஒரு பட்டியலே சொல்லுவார். அதுவும் மேல்பூச்சுதானே? அவருக்கு அறை இருட்டாக இருக்கும், வெள்ளை வேண்டும். அவர் அலமாரி, அவர் இஷ்டம்.

உப்புத்தாள் 120 | 7.41
தரைக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு பேச முடியாது.

திங்கள்சந்தை | 7.48
1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனையை மட்டும் இன்றைக்கும் கேரள அரசு பார்க்கிறது. அதனால்தான் பெயிண்ட் அடிக்காமல் தப்பித்தது.

குழித்துறை ஆற்றங்கரை | 7.55
அந்தப் பேச்சை இங்கே எடுக்காதீர்கள், நாள் முழுக்க ஓடும். ஃபேன் போட்டீர்களா தங்கச்சி?

மேக்காமண்டபம்காரி | 8.10
இரண்டு நாளாக ஃபேன் ஓடுகிறது. இப்போது பெயிண்டில் ஒட்டடையும் ஒட்டிக்கொண்டது.

தச்சன் மகன், கருங்கல் | 12.45
ஒன்று கேட்கிறேன். அலமாரி முழுக்க ஒரே மாதிரி ஒட்டுகிறதா? காய்ந்த இடம் எங்கேயாவது உண்டா? வெள்ளையில் தவிட்டு நிறக் கறை ஏதும் கசிகிறதா?

மேக்காமண்டபம்காரி | 1.20
நடுத்தட்டு மட்டும் மறுநாளே காய்ந்தது. பழையது உடைந்து போனதால் அதில் ஒட்டுப்பலகை போட்டிருக்கிறோம். கால் நாலிலும்தான் ஒட்டல் ரொம்ப அதிகம். ஆமாம், அங்கே டீ சிந்தியது போல ஒரு நிறம். எங்கள் வீட்டுக் குழந்தைகள் வேலை என்று நினைத்தேன்.

தச்சன் மகன், கருங்கல் | 1.38
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லாருக்கும் வேலை மிச்சம். ஒரே டப்பா, ஒரே டர்பன்டைன், ஒரே மழை. ஒட்டுப்பலகை காய்ந்து பழைய மரம் காயவில்லை என்றால் குற்றம் மரத்தில் இருக்கிறது. கறையானுக்குப் பயந்து பாட்டா அண்டி எண்ணெய் தேய்த்தாரா என்று வீட்டில் கேளுங்கள்.

மேக்காமண்டபம்காரி | 2.05
அம்மையிடம் கேட்டேன். "பின்னே? அண்டி ஆபீஸிலிருந்து தகர டப்பாவில் கொண்டுவந்து வருசாவருசம் தேய்ப்பாராக்கும்" என்கிறாள்!!

மதுரைவாசி | 2.11
அண்டி எண்ணெய் என்றால் என்ன?

குளச்சல் காற்று | 2.15
முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கருப்பு எண்ணெய். வள்ளத்துக்கும் (படகுக்கும்) தேய்ப்பார்கள். அண்டி ஆபீஸ் என்றால் முந்திரி ஆலை.

தச்சன் மகன், கருங்கல் | 2.40
அதுதான் ஆள். எனாமல் காய்வது துணி காய்வது போல இல்லை. டர்பன்டைன் பறந்த பிறகு, பெயிண்டில் உள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்து இறுக வேண்டும். அண்டி எண்ணெயில் பீனால் வகைச் சரக்கு நிறைய. அது பெயிண்டுக்குள் ஊறி, இறுக விடாமல் தடுக்கும். தேக்கிலும் ஈட்டியிலும்கூட மரத்தின் சொந்த எண்ணெய் இதே வேலையைக் காட்டும். ஃபேன் போட்டாலும் வெயிலில் வைத்தாலும் பிரயோசனம் இல்லை. மேலே மூன்றாவது கோட் மட்டும் அடித்துவிடாதீர்கள், அதுவும் ஒட்டும்.

உப்புத்தாள் இப்போது போடாதீர்கள், நாலு தேய்ப்பில் பிசின் அடைத்துக்கொள்ளும். பட்டித் தகட்டால் பெயிண்டை வழித்து எடுங்கள். பிறகு பழைய துணியைத் தின்னரில் நனைத்துத் துடையுங்கள். துணியில் தவிட்டு நிறம் வருவது குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும், ஒரே துணியைத் திரும்ப வைத்தால் எண்ணெயை இங்கிருந்து அங்கே நகர்த்துவதுதான் நடக்கும். கையுறை கட்டாயம், அந்த எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும். திண்ணையில் வைத்துச் செய்யுங்கள், அடுப்பு இருக்கும் பக்கம் வேண்டாம்.

ஒருநாள் ஆறவிட்டு அரக்கு (ஷெல்லாக்) அடியுங்கள். கால் லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் 50 கிராம் அரக்குச் செதிலை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் கரைந்திருக்கும். மெல்லிசாக இரண்டு கோட். ஒரு கோட் காய ஒரு மணி நேரம் போதும். அரக்குக்கு ஆக்சிஜன் வேண்டாம், ஸ்பிரிட் பறந்தால் இறுகிவிடும், அதனால் அண்டி எண்ணெயால் அதை ஒன்றும் செய்ய முடியாது. சாரல் அடிக்கும்போது அடித்தால் மட்டும் வெள்ளை பூத்துவிடும், நல்ல உச்சி வெயில் பார்த்து அடியுங்கள். (குழித்துறை அண்ணன் சொன்ன ஈரம் இங்கேதான் கணக்குக்கு வரும்.) அதற்கு மேல் மர பிரைமர், பிறகு எனாமல்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எனாமல்வரை போக முடியாது. அரக்கோடு நிறுத்துங்கள்.

உப்புத்தாள் 120 | 3.15
நான் ஆரம்பத்திலேயே மரம்தான் காரணம் என்றேன்.

பார்வதிபுரம் | 3.18
எந்த வரியில் அண்ணே?

மதுரைவாசி | 3.30
முந்திரிக்கு ஏன் அண்டி என்கிறீர்கள்? அது மலையாளம் அல்லவா?

குளச்சல் காற்று | 3.42
கொல்லாங்கொட்டை என்றும் சொல்லுவோம். எதைச் சொன்னாலும் வறுத்தால் ஒரே ருசிதான் மக்கா.

திங்கள்சந்தை | 3.50
டர்பன்டைனையும் ஒருதடவை மாற்றிப் பார்ப்பது நல்லது.

மேக்காமண்டபம்காரி | அடுத்த செவ்வாய், இரவு 10.05
வழித்து, துடைத்து, சனிக்கிழமை மதியம் அரக்கு இரண்டு கோட் அடித்தேன். ஒட்டவில்லை. பின்கால் ஒன்று மட்டும் வெள்ளை பூத்துவிட்டது, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாயிற்று. வெள்ளை பெயிண்ட் தை மாதம்தான். கையுறை முதல் நாள் போடவில்லை, விரலிடுக்கில் அரிக்கிறது. தச்சன் மகன் அண்ணனுக்கு நன்றி.

குளச்சல் காற்று | 10.20
அண்டி ஆபீஸில் வேலை செய்த எங்கள் சித்தி கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் கொட்டையைத் தொடுவாள். இப்போது சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், தின்னரால் கையைத் துடைக்காதீர்கள். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.