புதன்கிழமைக்குள் புளித்துவிடும் மாவு: ஒரு வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் காட்பாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் இராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை செய்வதால், காலை ஆறரை மணிக்கே கிளம்பியாக வேண்டும்.

ஞாயிறு மாலை 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் போட்டு அரைக்கிறேன். பொங்கியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். திங்கள், செவ்வாய் இட்லி பஞ்சுபோல் வருகிறது. புதன்கிழமை மூடியைத் திறந்தாலே புளிப்பு வாடை மூக்கில் ஏறுகிறது. மாவின் மேல் சாம்பல் நிறத்தில் நீர் தேங்கி நிற்கிறது. வேலூர் வெயில்தான் உங்களுக்குத் தெரியுமே!

அரைத்த மாவில் பாதியை உப்புப் போடாமல், புளிக்கவும் விடாமல் உடனே உள்ளே வைத்து, தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவு வெளியே எடுத்தால் சரியாக வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ரவையை வறுத்து, தாளிப்பையும் சேர்த்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? சட்னிக்குக் கவலையில்லை, புளி சேர்த்த தக்காளித் தொக்கு வாரம் முழுக்க நன்றாகவே இருக்கிறது.

மகனுக்கு ஏழு வயது. மாமியார்தான் அவனைப் பள்ளிக்கு அனுப்புகிறார். முழங்கால் வலியோடு அவரை அடுப்படியில் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் சூடுபடுத்திக் கொடுத்தால் போதும் என்ற அளவில் ஏதாவது இருந்தாலும் எழுதுங்கள்.